அன்னையின் அன்றாட உடை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் புறப்படும்போது இதனை நாம் எல்லோரும் நினைவுகூர்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் உழைக்கின்ற தாய் என்ன உடுத்துகிறாள் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பீரோவில் பட்டுச்சேலை பாச்சை உருண்டையோடு உறங்குகிறது. சாயம் போய் ஓரம் கிழிந்த சேலை அடுப்படியில் உழைக்கிறது. கேட்டால், “வீட்டுக்குத்தானே, இது போதும்” என்ற பதில் வருகிறது. இந்தப் பதில் சரிதானா என்பதை, வகுப்பறையில் நாம் கற்கும் அறிவியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடு ஒரு பணியிடம்

தீயணைப்பு வீரருக்கு அவர் தொழிலுக்கேற்ற உடை உண்டு. செவிலியருக்கும் காவலருக்கும் உண்டு. தீயோடும் நீரோடும் கொதிக்கும் எண்ணெயோடும் நாளெல்லாம் பழகும் இல்லத்தரசிக்கு மட்டும் தொழிலுக்கேற்ற உடை என்று எவரும் எதையும் எண்ணியதில்லை.

சமையலும் துவைத்தலும் மட்டுமா அவள் பணி? அவளே பிள்ளையின் முதல் ஆசிரியை. பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுக்குள் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இடமளித்துவிட்டது. நம் நாட்டில் இத்தகைய குடும்பங்கள் குறைவு. எனினும் 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டுத் தாய்மார் எல்லோருமே ஆசிரியைகள் ஆயினர். 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள் திண்ணையும் கூடமுமே பள்ளிக்கூடம்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த இருபது மாதங்களில் என் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மாலையில் வேலை முடிந்ததும் முகம் கழுவி, தலைவாரி, கரி படிந்த சேலையை மாற்றிக்கொண்டு வந்து அமர்வார். “பாடம் சொல்ல உட்காருகிறவள் இப்படியா உட்காருவது?” என்பது அவர் வாதம். அவர் சேலை மாற்றி வந்தால் பாடம் தொடங்கிவிட்டது என்று என் தம்பிக்குத் தெரியும். மணியடிக்காத பள்ளியில் அதுவே மணி. உடை என்பது பிறர் பார்வைக்கு மட்டும் அன்று, செய்யும் பணிக்குத் தரும் மதிப்பும் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

நூலின் குணம்

பருத்தி நூல் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அதன் மூலக்கூறில் நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உள்ளன. நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் நீராவியை ஏற்றுக்கொள்ளும். அதே நிலையில் பாலியஸ்டர் ஏற்பது அரை கிராமுக்கும் குறைவு.

இதனால் என்ன பயன்? ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பரப்பி, அது ஆவியாக வழிவிடுகிறது. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் அதனைத் தோலின் மேலேயே தேக்கிவிடுகிறது. வேர்க்குருவும் படர்தாமரையும் அங்கே குடியேறுகின்றன.

1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்த பாலியஸ்டர் இழை இன்று குக்கிராமம் வரை வந்துவிட்டது. நம் தாய்மார் அதை அறியாமையால் வாங்கவில்லை. விலை குறைவு, இஸ்திரி தேவையில்லை, மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும், சாயம் போகாது. இவையெல்லாம் உண்மையே. ஆதலால் வெளியே போய்வர அச்சேலை இருக்கட்டும். அடுப்படிக்கு அது ஆகாது.

பருத்தியிலும் ஒரு நுட்பம் உண்டு. கஞ்சி போட்டால் சேலை விறைப்பாக நிற்கும். ஆனால் கஞ்சிப் படலம் நூலின் துளைகளை அடைப்பதால் உறிஞ்சும் திறன் குறையும். வீட்டில் உடுத்தும் சேலைக்குக் கஞ்சி வேண்டாம். சின்னாளப்பட்டிச் சுங்குடி போன்ற பருத்திச் சேலைகள் துவைக்கத் துவைக்க மென்மையாகி உடம்போடு ஒத்துப்போகும். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கெட்டியான நெசவு உழைப்பைத் தாங்குவது.

நெருப்பின் பாடம்

பருத்தி தீப்பற்றாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், நன்றாகவே பற்றும். வேறுபாடு, பற்றிய பின் நிகழ்வதில் இருக்கிறது. பருத்தி கருகிச் சாம்பலாகும். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி, கொதிக்கும் பாகுபோல் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் புண் ஆழமாகிறது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியிலும் இந்த ஆபத்து உண்டு.

கடைக்காரர் ‘சுத்தக் காட்டன்’ என்று தரும் துணியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உள்ளோரத்திலிருந்து இரண்டு நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, நீர் ஊற்றிய தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் மணம் வந்து, மென்மையான சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. சுருங்கி உருகி, கடினமான கருமணியாக இறுகினால் பாலியஸ்டர். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி.

எந்தத் துணியானாலும் அடுப்பருகே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நைட்டியின் அகன்ற கைகளும் தோளில் தொங்கும் துப்பட்டாவும் முந்தானையைப் போலவே ஆபத்தானவை. தீப்பற்றினால் ஓடக்கூடாது, ஓடினால் காற்று தீயை வளர்க்கும். தரையில் படுத்து உருள வேண்டும். தீ அணைந்தபின் புண்ணின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் ஓடவேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. பற்பசையும் மையும் தடவக்கூடாது. 108-ஐ உடனே அழைக்க வேண்டும்.

இடுப்பில் ஒரு நாடா

சேலையைத் தாங்குவது உள்பாவாடையின் நாடா. அது வழுக்காதிருக்க இறுக்கிக் கட்டுவது பழக்கம். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அது அழுத்தி உராய, வியர்வையும் சேர, இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துத் தடிக்கிறது. பல தாய்மார் இடுப்பில் இத்தழும்பைக் காணலாம். பெரும்பாலும் இது தோலோடு நின்றுவிடும். மிக அரிதாக ஆறாப் புண்ணாகிப் புற்றாகவும் மாறக்கூடும். 1945-இலேயே பம்பாயைச் சேர்ந்த கனோல்கர், சூரியாபாய் ஆகியோர் வேட்டி இறுக்கத்தால் இடுப்பில் தோன்றும் புற்றைப் பற்றி எழுதினர். 2024-இல் மராட்டியத்தையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் சேலை உடுத்தும் மூதாட்டியர் இருவரிடம் இத்தகைய புற்று கண்டதை மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

தடுக்கும் வழி எளிது. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கட்டும் இடத்தைச் சற்று மேலும் கீழும் மாற்றலாம். இரவில் தளர்த்திவிடலாம். ஆறாத புண் கண்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தையற்காரரிடம் கேட்டால் உள்பாவாடையில் ஒரு பையும் வைத்துத் தருவார். சாவியும் சில்லறையும் முந்தானை முடிச்சில் எத்தனை காலம் தொங்குவது?

நைட்டியும் நாலுபேர் பேச்சும்

இன்று பல வீடுகளில் பகலிலும் நைட்டியே உடையாகிவிட்டது. வாசலுக்கு வந்தால் மேலே ஒரு துண்டு! இதைக் கேலி செய்யாதவர் இல்லை. ஆந்திர மாநிலம் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்னும் கிராமத்தில், காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை பெண்கள் நைட்டி அணிந்தால் 2000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் விதித்த செய்தி 2018-இல் வெளிவந்தது. இடுப்பை இறுக்காத, காற்றோட்டமான, குனிந்து நிமிர ஏற்ற உடையைப் பெண்கள் தேர்ந்துகொண்டதில் குற்றம் என்ன? அது பருத்தியாக இருக்கிறதா, காலில் தடுக்காத நீளமா, அடுப்பருகே பாதுகாப்பானதா என்று கேட்பது அறிவு. அபராதம் விதிப்பது அறிவன்று. எதை உடுத்துவது என்பது உடுத்துகிறவள் உரிமை. அவளுக்குத் தகவல் தருவதே நம் கடமை.

தோற்றம் பற்றிச் சில சொற்கள்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றனர் முன்னோர். தோற்றப் பொலிவுக்குத் தூய்மையே அடிப்படை; பணம் அன்று. முகம் கழுவ ஐந்து நிமிடம், தலைவார ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் தாய்க்குக் கிடைக்க வேண்டுமானால், மற்றவர் ஒருவர் எழுந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

ஒட்டும் பொட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிலவற்றின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் பொருள் சிலருடைய தோலின் நிறமிச் செல்களை அழித்து வெண்புள்ளியை உண்டாக்கும். நெற்றியில் அரிப்போ வெளுப்போ கண்டால் அன்றே அதை விட்டுவிட வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நமக்குச் சட்டை எடுத்த பின் மிஞ்சிய பணத்தில்தான் நம் தாய்மார் தமக்கு எடுத்திருக்கிறார்கள். வருகிற தீபாவளிக்குப் பட்டியல் போடும்போது வரிசையைச் சற்று மாற்றுவோம். பீரோவில் வைக்க ஒரு சேலைக்கு முன்னால், வீட்டில் உடுத்த இரண்டு பருத்திச் சேலையோ நைட்டியோ எடுப்போம். நூலை உருவிச் சோதித்து வாங்குவோம். பட்டை வைத்த பாவாடை தைக்கக் கொடுப்போம். உழைக்கும் உடம்புக்கே நல்ல துணியில் முதல் உரிமை. நாம் கற்ற வேதியியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் அடுப்படி வரை போய்ச் சேரட்டும்.