ஒரு பாப் பாடல் உருவாவது எப்படி? இசைத் தயாரிப்பாளர், பாடலாசிரியர் பங்கு என்ன?

'எஞ்சாய் எஞ்சாமி' பாடல் 2021-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி வெளியாகி உலகெங்கும் ஒலித்தது. அதை உருவாக்கியது யார் என்ற கேள்வி மறு ஆண்டே சர்ச்சையானது. சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அப்பாடல் மேடையேறியதைத் தொடர்ந்து, அதை எழுதி, இசையமைத்து, பாடியது தானே என்று அவர் தெரிவித்தார். இசையைக் கோத்து, ஒலிப்பதிவு செய்து தயாரித்தது தாம் என்றும், மெட்டில் தீ, அறிவு இருவருக்கும் பங்குண்டு என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார்.

ஒரே பாடலுக்கு இருவர் உரிமை கோரும் நிலை ஏன் ஏற்படுகிறது?

மெட்டு முதலிலா, வரிகள் முதலிலா?

திரையிசையில் வேலைப் பிரிவினை தெளிவானது. இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரத்திலோ டம்மி வரிகளிலோ தருவார். பாடலாசிரியர் அந்த அளவுக்கேற்பச் சொற்களை அமைப்பார். பாப் இசையில் இந்த எல்லை கலைந்துவிடுகிறது. இசைத் தயாரிப்பாளர் கணினியில் தாளக்கட்டையும் சுருதிக் கோவையையும் அமைத்து ஒலிக்கவிட, எழுதுபவர் அதன் மீது பாடிப் பார்த்தே வரிகளையும் மெட்டையும் ஒருசேரக் கண்டடைகிறார். ராப் பாடல்களில் சொல்லின் சந்தமே மெட்டாகிறது. பின்னர் மாதிரிப் பதிவு, குரல் பதிவு, ஒலிக்கலவை, மாஸ்டரிங் ஆகிய கட்டங்கள் நடைபெறுகின்றன.

கேரளத்திலும் இம்முறை வலுப்பெற்றுள்ளது. 2024-இல் வெளியான 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தின் 'குதந்திரம்' பாடலை வேடன் எழுதிப் பாட, சுஷின் ஷியாம் இசையமைத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடலை மூன்றாகப் பிரிக்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. ஒலிப்பதிவு தனிப் படைப்பு. முதல் இரண்டுக்கும் படைப்பாளியின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள்.

சட்டத்தில் 'தயாரிப்பாளர்' என்பவர் ஒலிப்பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவர். ஸ்டுடியோவில் ஒலியை வடிவமைப்பவர் அவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே, அவர் மெட்டிலும் பங்களித்திருந்தால் அதைத் தனியே பதிவு செய்ய வேண்டியுள்ளது.

2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அது செல்லாது. 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு இத்தொகையைத் திரட்டி உறுப்பினர்களுக்கு வழங்குகிறது.

பங்கீட்டுத் தாள்

சர்ச்சையைத் தவிர்க்க, பாடல் முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திடும் 'ஸ்பிளிட் ஷீட்' முறை மேலைநாடுகளில் பரவலாக உள்ளது. ஆனால், பங்கீடு மட்டுமே வருமானத்தை உறுதி செய்துவிடாது. வெளியீட்டு ஒப்பந்தமும், முறையான கணக்கும் தேவை. 'எஞ்சாய் எஞ்சாமி' உரிமை மூவருக்கும் சமம் என்று கூறிய சந்தோஷ் நாராயணன், அதிலிருந்து மூவருக்கும் ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் தெரிவித்தார். உழைத்தும் நிலமற்றுப் போனவர்களைப் பற்றிய பாடல் அது என்பது குறிப்பிடத்தக்கது.