27 கிலோமீட்டர் மெஷினை யார் பார்த்துக்கிறாங்க?



போன எபிசோட் ஹிக்ஸ் போசானைப் பற்றி. அதுக்கு வந்த மெயில்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இயற்பியல் கேள்வியே இல்லை. "அவ்வளவு பெரிய மெஷின் ரிப்பேர் ஆனா யாரு கீழ போய்ப் பார்ப்பாங்க?" ஒரே வரி. எபிசோடில் இதைத் தொடவே இல்லை, அதனால் இந்த முறை நியூஸ்லெட்டர் முழுக்க அதுக்குத்தான்.

முதலிலேயே சொல்லிடறேன், நான் இயற்பியல் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிட்டு, யாரோ கட்டி வெச்சுட்டுப் போன சிஸ்டங்களைக் கான்ட்ராக்டில் ஓட வைக்கிற ஆள். ராத்திரி 3 மணிக்கு போன் அடிச்சா எழுந்து லாக் பார்க்கிற வேலை. அதனால் செர்ன் பற்றி எதைப் படிச்சாலும் என் கண் நேராகப் போவது பராமரிப்புப் பக்கத்துக்குத்தான். துகள் எப்படி மோதுது என்பதைவிட, மோதல் நின்னு போச்சுன்னா என்ன பண்றாங்க என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

இடம் எல்லாருக்கும் தெரியும். ஜெனீவா பக்கத்தில், சுவிஸ்–பிரான்ஸ் எல்லைக்கு அடியில், சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், 27 கி.மீ. சுற்றளவுள்ள ஒரு வளையம். பெயர் லார்ஜ் ஹேட்ரான் கொலைடர், சுருக்கமாக எல்.எச்.சி. புரோட்டான்களை வளைத்து ஓட்ட 1,232 பெரிய காந்தங்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 30 டன்னுக்கு மேல் எடை. மின்தடையே இல்லாமல் கரண்ட் ஓடணும் என்பதற்காக அத்தனையையும் திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர வெச்சிருக்காங்க. விண்வெளியின் வெறுமையைவிடக் குளிர்.

இந்தக் குளிர்தான் பராமரிப்புக்காரனுக்கு முதல் தலைவலி. நம்ம வேலையில் ஒரு சர்வர் மக்கர் பண்ணினால் ரீஸ்டார்ட், பத்து நிமிஷம். இங்கே ஒரு காந்தத்துக்குள் கை வைக்கணும்னா முதலில் அதைச் சூடாக்கணும். வளையம் எட்டு பகுதிகளாகப் பிரிஞ்சிருக்கு, ஒரு பகுதி ஏறக்குறைய 3.3 கி.மீ. உள்ளே இருக்கிற ஒரே ஒரு காந்தத்தை மாற்றணும்னாலும் அந்தப் பகுதி முழுவதையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டு வரணும். அதுக்குச் சில வாரம், திரும்பக் குளிர வைக்கச் சில வாரம். ஸ்பேனர் பிடிக்கிற வேலை ஒரே நாள்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல். குளிர்ந்தால் உலோகம் சுருங்கும் இல்லையா? 3.3 கி.மீ. பகுதி ஒன்று கிட்டத்தட்ட 10 மீட்டர் சுருங்கும். அதனால் காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் அக்கார்டியன் மாதிரி மடிந்து விரியும் இணைப்புகள். அந்த இணைப்புக்குள், பீம் போகிற குழாய் வழவழன்னு இருக்க மெல்லிய செம்பு விரல்கள். 2007-இல் குளிர்ந்திருந்த ஒரு பகுதியைச் சூடாக்கினபோது, இந்த விரல்களில் சில மடங்கி குழாயின் நடுவில் நீட்டிக்கிட்டு நின்றது தெரிய வந்தது. பீம் வந்தால் நேரா அதில்தான் மோதும். வளையம் முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். எது மடங்கியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்க முடியுமா?

அவங்க பண்ணினது ஒரு பந்து. பிங்பாங் பந்தைவிடக் கொஞ்சம் சின்னது, 34 மில்லிமீட்டர். உள்ளே பேட்டரியோடு ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், 40 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் விடும். குழாயின் ஒரு பக்கம் பந்தை வெச்சு, காற்றின் அழுத்தத்தால் அதை ஓட விட்டாங்க. ஏன் 40 மெகாஹெர்ட்ஸ்? புரோட்டான் கொத்துகள் 25 நானோ நொடி இடைவெளியில் வரும், அதாவது நொடிக்கு 40 மில்லியன். பீம் எங்கே போகுதுன்னு பார்க்க ஐம்பது சொச்சம் மீட்டருக்கு ஒரு சென்சார் ஏற்கெனவே வழி நெடுக இருக்கு. பந்து கடந்து போனால் அந்த சென்சாருக்கு பீம் போன மாதிரியே தெரியும். எந்த சென்சாருக்கு அப்புறம் சத்தம் இல்லையோ, அங்கே பந்து மாட்டியிருக்கு. அந்த இடத்தை மட்டும் திறந்தால் போதும். புது மானிட்டரிங் எதுவும் வாங்காமல், இருக்கிற மானிட்டரிங்கை ஏமாற்றியே வேலையை முடிச்சிருக்காங்க. இதைப் படிச்ச அன்னிக்கு நான் எங்க டீம் சாட்டில் போட்டு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டிருந்தேன்.

சரி, உள்ளே போகிறது எப்படி? பீம் ஓடும்போது சுரங்கத்தில் மனுஷன் யாரும் இருக்கக் கூடாது. அதனால் எல்லா வேலையும் பீம் நிற்கிற நேரத்துக்குள் முடியணும்: வருஷத்துக்குச் சில தடவை சில நாள் இடைவெளி, குளிர்காலத்தில் நீண்ட இடைவெளி, சில வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மூணு வருஷம் முழுசாக நிறுத்தம். வேலைக்கு முன்கூட்டியே அனுமதி. தலையில் ஹெல்மெட், சட்டையில் கதிர்வீச்சு அளக்கும் கருவி, தோளில் ஒரு ஆக்சிஜன் முகமூடி. ஹீலியம் கசிந்தால் அது காற்றைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிச்சுக்கும், மூச்சு முட்டும். அதுக்குத்தான் முகமூடி. வாசலில் ஒரு ஆள் மட்டும் நிற்கிற கண்ணாடிக் கூண்டு, கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காணும்.

எனக்குப் பிடிச்சது சாவி விஷயம். குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு சாவியை எடுத்துக்கிட்டுத்தான் போகணும். ஒரு சாவி திரும்பி வரலைன்னாலும் பீம் உள்ளே வராது. புரோகிராமிங் வகுப்பில் லாக் என்று படிச்சிருப்பீங்களே, அதேதான், ஆனால் இங்கே பூட்டைப் பிடிச்சிருக்கிறவன் உயிரோடு இருக்கிற ஆள். அதுக்கும் மேலே, நீண்ட வேலைகள் முடிஞ்சு பீம் வருவதற்கு முன் ஒரு குழு பகுதி பகுதியாக நடந்து போய் யாரும் உள்ளே இல்லைன்னு கண்ணால் பார்த்து உறுதி செய்யும். அதுக்கு அப்புறம் யாராவது ஒரு கதவைத் தவறாகத் திறந்துட்டா அந்தப் பகுதியை முதலிலிருந்து நடக்கணும். இவ்வளவு ஆட்டோமேஷன் இருக்கிற இடத்தில் கடைசி வார்த்தை நடக்கிற கால்களுக்குத்தான்.

கீழே தூரம் அதிகம் என்பதால் சைக்கிள் ஓட்டுறாங்க. மனுஷன் போக முடியாத நேரத்துக்கு மேற்கூரைத் தண்டவாளத்தில் தொங்கிக்கிட்டே போகிற ரோபோ ரயில் இருக்கு, வெப்பம், ஆக்சிஜன், கதிர்வீச்சு எல்லாம் அளந்துக்கிட்டே போகும். மீதி எல்லாம் எந்தப் பெரிய கட்டடத்திலும் இருக்கிற வேலைகள்: பம்ப், லிஃப்ட், கிரேன், ஃபில்டர், தீ அலாரம், பேட்டரி, கூலிங் டவர். யாரும் இதை டாக்குமென்டரி எடுக்கிறதில்லை.

இதெல்லாம் எவ்வளவு முக்கியம்னு 2008 காட்டிடுச்சு. செப்டம்பர் 10 அன்று முதல் பீம், உலகம் முழுக்க நேரலை. ஒன்பதே நாளில், செப்டம்பர் 19, காந்தங்களில் கரண்டை ஏற்றிச் சோதிக்கும்போது இரண்டு காந்தங்களுக்கு நடுவில் ஒரு இணைப்பு உருகிப் போச்சு. அந்த இணைப்பின் தடை சுமார் 200 நானோ ஓம் இருந்திருக்கணும்னு பிறகு கணக்கிட்டாங்க. இருக்க வேண்டியது ஒரு நானோ ஓமுக்கும் கீழே. 8,700 ஆம்பியர் போகும்போது அந்தத் தடையில் எவ்வளவு சூடு வரும்? பத்தாம் வகுப்பு ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க, 15 வாட். வீட்டில் எரிகிற எல்.ஈ.டி. பல்பு. அந்தச் சூட்டில் இணைப்பு மீகடத்தும் தன்மையை இழந்து, மின்பொறி கிளம்பி, ஹீலியம் உறையை ஓட்டை போட்டது. கொஞ்ச நேரத்தில் டன் கணக்கில் ஹீலியம் ஆவியாக வெடித்துக் கிளம்பி, தரையில் போல்ட் போட்ட காந்தங்களையே நகர்த்திப் போட்டது. மொத்தம் 6 டன் ஹீலியம் போச்சு. 53 காந்தங்களை மேலே எடுத்து வர வேண்டியிருந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பீம் திரும்ப வர 2009 நவம்பர் ஆயிடுச்சு.

இதில் என்னைத் தூங்க விடாத விவரம் ஒன்று உண்டு. விபத்துக்கு அப்புறம் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, சில நாள் முன்பு குறைந்த கரண்டில் நடந்த ஒரு சோதனையிலேயே அந்த இடத்தில் வெப்பநிலை கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், ஏறியிருந்தது தெரிந்தது. தகவல் லாகில் இருந்தது. ஆனால் அப்போது அதைத் தேடிப் பார்க்கிற அலாரம் கிடையாது. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் பெரிய கோளாறுக்கு அப்புறம் இதே கதையைத்தான் கேட்டிருக்கேன். அவங்க அதுக்கப்புறம் ஒவ்வொரு இணைப்பின் தடையையும் தொடர்ந்து கண்காணிக்கிற அமைப்பைப் போட்டாங்க. அது மட்டும் இல்லை, மற்ற இணைப்புகளையும் முழுசாக நம்ப முடியாது என்பதால் மெஷினைப் பாதி சக்தியில்தான் ஓட்டினாங்க. 2012-இல் ஹிக்ஸ் கிடைத்ததே அந்தப் பாதி சக்தியில்தான். 2013-இல் நிறுத்தி, ரெண்டு வருஷம் உட்கார்ந்து 10,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளைத் திறந்து பார்த்து, குறையிருந்ததைத் திரும்பப் பற்றவைத்து, 27,000-க்கும் மேற்பட்ட கூடுதல் செம்புத் துண்டுகளை வெச்சு பலப்படுத்தினாங்க. ஒரே வேலை, ஒரே அசைவு, பத்தாயிரம் தடவை. அதை முடிச்ச பிறகுதான் 13 டெரா எலக்ட்ரான்வோல்ட்.

வெளியிலிருந்து வரும் தொல்லையும் உண்டு. 2016 ஏப்ரலில் கீரி மாதிரி இருக்கும் ஒரு மார்ட்டென் 66 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, தானும் செத்து மெஷினையும் ஒரு வாரம் போல நிறுத்தி வெச்சது. அதே நவம்பரில் இன்னொன்று. அந்த ரெண்டாவது பிராணி இப்போ பாடம் செய்யப்பட்டு ராட்டர்டாம் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போயிடுச்சு. 2023 ஜூலை 17 ராத்திரி, சுமார் 50 கி.மீ. தள்ளி மோர்ஜ் என்ற ஊரில் ஒரு மரம் மின்கம்பியில் விழுந்தது. மின்சாரம் ஒரு கணம் சிலும்பியது. பீம் பத்திரமாக வெளியேற்றப்பட்டது, ஆனால் அந்த அதிர்ச்சியில் சில காந்தங்கள் குளிர் இழந்து, ஒரு மடிப்பு இணைப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் விரிசல். அந்தப் பொட்டு அளவு ஓட்டைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பீம் இல்லை.

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஜெனீவா போகிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் செர்ன் வளாகத்தில் இருக்கிற நடராஜர் சிலைக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்குவாங்க. 2004-இல் இந்திய அரசு கொடுத்தது. நல்ல சிலைதான். ஆனால் இந்தியாவிலிருந்து போன இன்னொன்று கீழே இருக்கு, அதை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை: காந்தங்களைத் தாங்கி நிற்கிற ஜாக்குகள். 7,000 போல. 30 டன்னைச் சுமந்துக்கிட்டு, ஒரு தலைமுடி அகலத்துக்கும் குறைவான அளவில் காந்தத்தை ஏற்றி இறக்கி நகர்த்தலாம். நிலம் நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு நீண்ட நிறுத்தத்திலும் சர்வே குழு அளந்து, அந்த ஜாக்குகளைத் திருகி காந்தங்களைத் திரும்ப வரிசைக்குக் கொண்டு வருது. நமக்குப் பெருமைப்பட ஒன்று வேணும்னா என் ஓட்டு ஜாக்குக்குத்தான்.

2015-இல் ஹிக்ஸின் நிறையைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவங்க நிறுவனங்களும்தான். அது டிடெக்டர் குழுக்களின் பட்டியல், நியாயமான பட்டியல்தான். ஆனால் இணைப்பைப் பற்றவைத்தவர், கேபிள் இழுத்தவர், கதவு கதவாக நடந்து பார்த்தவர் பெயர் அதில் வராது. அவங்களில் நிறைய பேர் கான்ட்ராக்ட் கம்பெனி ஆட்கள், என்னை மாதிரி. நம்மில் பல பேருடைய அப்பா அம்மா வந்து இறங்கின நாட்டில் ஹோட்டல் கிச்சன், ஆஸ்பத்திரி தரை, ஆபீஸ் கட்டடம் என்று அடுத்தவங்க இடத்தை ஓட வைத்தே நம்மைப் படிக்க வெச்சாங்க. அவங்களே "நீ மட்டும் இந்த வேலைக்கு வந்துடாதே" என்றும் சொன்னாங்க. அவங்க சொன்னதுக்குக் காரணம் இருக்கு, உடம்பு வலி தெரிஞ்சவங்க. ஆனால் அதிலிருந்து "பராமரிப்பு என்றால் தாழ்ந்த வேலை, கண்டுபிடிப்பு என்றால் உயர்ந்த வேலை" என்று நாம எடுத்துக்கிட்டோமே, அது எனக்கு ஒப்பவில்லை. 2016-இல் எல்.எச்.சி.க்கு இயற்பியலுக்கென்று ஒதுக்கின நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் நிலையான மோதல் கிடைத்தது, அதுவே அப்போது நல்ல வருஷம். மீதிப் பாதியை எவ்வளவு குறைக்கிறாங்களோ அவ்வளவு டேட்டா. அதைக் குறைக்கிறவங்க கையில் வைட்போர்டு மார்க்கர் இருக்காது.

மெயில் போட்டவருக்கு நேரடி பதில்: எலக்ட்ரீஷியன், வெல்டர், கிரேன் ஓட்டுநர், குளிரூட்டல் டெக்னீஷியன், சர்வேயர், கன்ட்ரோல் சாஃப்ட்வேர் எழுதுறவங்க, கூடவே 24 மணி நேரமும் கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்க்கிறவங்க. திட்டப்படி 2026 நடுவிலிருந்து அடுத்த நீண்ட நிறுத்தம். வளையத்தில் 1.2 கி.மீ.க்கும் மேல் புது உபகரணம், மெஷின் திரும்ப வர 2030 ஆகும். ஆள் தேவை. செர்ன் வேலைகள் பெரும்பாலும் உறுப்பு நாடுகள், இணை உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்குத்தான், அதனால் சுவிஸ், ஜெர்மன், பிரெஞ்சு, பிரிட்டிஷ், நார்வே பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க டெக்னீஷியன் பிரிவையும் ஒரு தடவை திறந்து பாருங்க. பி.எச்.டி. கேட்காது. இந்தியாவும் 2017-லிருந்து இணை உறுப்பினர்.

சும்மா பார்க்கப் போறவங்களுக்கு: ஜெனீவா ஸ்டேஷனிலிருந்து 18-ஆம் நம்பர் டிராம், கடைசி நிறுத்தம். மேலே இருக்கிற அருங்காட்சியகம் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. பீம் ஓடுகிற காலத்தில் கீழே இறக்க மாட்டாங்க. போன நீண்ட நிறுத்தத்தின்போது, 2019 செப்டம்பரில், ரெண்டு நாள் வாசலைத் திறந்து வெச்சதில் 75,000 பேர் வந்தாங்க. வாசல் திறக்கிற தேதி அறிவிச்சா இங்கே சொல்றேன்.