சொல்லுக்குள் ஒளிந்த சொல்

நாளிதழ்களில் வெளிவரும் குறுக்கெழுத்துப் போட்டிகளுள் ஒருவகை, குறிப்பைப் படித்ததும் விடை தோன்றும் எளிமை உடையது. மற்றொரு வகையில் குறிப்பு வெளிக்கு ஒன்றைச் சொல்லி, உள்ளே வேறொன்றை மறைத்து வைத்திருக்கும். 'தி இந்து' ஆங்கில நாளிதழ் இவ்வகையால் பெயர்பெற்றது. அதற்குப் புதிர் அமைத்தவர்களுள் ஒருவர் செங்கற்பட்டில் 1911-ல் பிறந்த அட்மிரல் கட்டாரி. 1958-ல் இந்தியக் கடற்படைத் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவரே. கப்பல்களை நடத்தியவர், ஓய்வுக் காலத்தில் கட்டங்களுக்குள் சொற்களை அணிவகுக்கச் செய்தார்!

இது மேல்நாட்டார் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்பாரும் உளர். கட்டம் மேல்நாட்டதே, 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் நகரச் செய்தித்தாள் ஒன்றில் அதனை அறிமுகம் செய்தார். ஆனால் சொல்லை ஒளித்து வைக்கும் கலை காஞ்சிபுரத்துக்குப் புதியதன்று. பல்லவர் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, வடமொழியில் தாம் இயற்றிய காவியாதரிசத்தில் விடுகதைகளுக்கும் இலக்கணம் வகுத்தார். அந்நூலைத் தழுவி எழுந்த தமிழ்த் தண்டியலங்காரம் பன்னிரு சித்திரகவிகளைக் கூறுகிறது. அவற்றுள் எழுத்து வருத்தனம் என்பது எழுத்தைக் கூட்டக் கூட்டப் புதுச்சொல் பிறப்பது; அக்கரச் சுதகம் என்பது எழுத்தைக் குறைக்கக் குறைக்கப் பிறப்பது. 'கனகாரி' முதலெழுத்தை இழந்தால் 'நகாரி'. மீண்டும் இழந்தால் 'காரி'. மூன்றும் பொருளுடைய சொற்களே.

இன்றைய புதிர்க்காரர் செய்வதும் இதுவே அன்றோ? நாம் அமைத்த ஒரு குறிப்பைக் காண்க: "தலையற்ற கவிதை நிலத்தில் முளைக்கும் (2)". கவிதையின் முதலெழுத்தை நீக்கினால் 'விதை'. இன்னொன்று: "கண்ணீரின் தொடக்கம் தறிக்கு முன்னே, வாய்விட்டு அழுது (3)". கண்ணீரின் தொடக்கம் 'க'. அது 'தறி'க்கு முன் நின்றால் 'கதறி'. குறிப்பில் வீண்சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வாசகரைத் திசைதிருப்பலாம், ஏமாற்றலாகாது. இந்த நேர்மையே இவ்விளையாட்டின் உயிர்நாடி.

தமிழில் இது சற்றே கடினம். ஆங்கிலத்தில் இருபத்தாறே எழுத்துகள். கலைத்து அடுக்குவது எளிது. நமக்கோ 247. உயிரும் மெய்யும் பிரியாமல் ஒரே கட்டத்தில் அமர்கின்றன. ஆயினும் முடியாததன்று, அமெரிக்கத் தமிழர்களின் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய தமிழ்ப் புதிர்களை அமைத்து வந்திருக்கிறார்.

புதிரை விடுவிக்க இரண்டு தேவை: ஒரு சொல்லின் பல பொருளும், ஒரு பொருளின் பல சொல்லும். இவ்விரண்டையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து அகரவரிசையில் நமக்குத் தந்தவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர். 1732-ல் அவர் தொகுத்த சதுரகராதியின் பெயரகராதி முன்னதற்கு, பொருளகராதி பின்னதற்கு. நிகண்டுகளை மனப்பாடம் செய்தோர் மட்டுமே அறிந்த சொற்செல்வம் அதனால் எல்லார்க்கும் எட்டிற்று. அயல்நாட்டார் ஒருவர் அரிதின் முயன்று திரட்டிய அச்சொற்களை நம் பிள்ளைகள் இழந்து வருவதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

காஞ்சிபுரத்திலேயே பாருங்கள். பாவு, ஊடை, கோர்வை என்பன நெசவாளர் வீட்டுக் குழந்தையின் நாவில் தாமாகவே வந்த சொற்கள். தறியை விட்டு வேறு தொழிலுக்குச் சென்ற குடும்பங்களில் அச்சொற்களும் தறியோடு பரணில் ஏறிவிடுகின்றன. தாத்தாவிடம் கேட்டால்தான் கட்டம் நிரம்பும் என்னும்படி ஒரு புதிர் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகள் அவரருகில் சென்று அமர்வார்கள். இரவுச் செபம் முடிந்தபின் கால்மணி நேரம் போதும். கட்டம் வரையக் கணக்கு நோட்டே போதுமானது.

தொடங்குவதற்கு ஒரு குறிப்பு: "அனுபவித்து உடுத்தும் காஞ்சி நெசவு (3)". விடையை நாம் எழுதப்போவதில்லை. காஞ்சிபுரத்து வாசகர் வீட்டுப் பெட்டியில் அது மடித்து வைக்கப்பட்டிருக்கும்.