வலப்பக்கம் மூணாவது டப்பா

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு முதன்முதலாக வத்தக்குழம்பு வைத்த நாள் அது. "பொடி எங்கம்மா?" என்றேன். அந்தப் பக்கம் அவளும் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாபகத்திலேயே, "அடுப்புக்கு வலப்பக்கம், மேல் தட்டு, மூணாவது டப்பா. ரெண்டு கரண்டி போடு" என்றாள். நானும் கையை நீட்டினேன். என் சமையலறையில் வலப்பக்கம் மேல் தட்டு மூன்றாவது டப்பாவில் சோப்புத்தூள் இருந்தது.

அவள் சொன்ன வலப்பக்கம் அவள் அடுப்புக்கு. நான் கை நீட்டிய வலப்பக்கம் என் அடுப்புக்கு. பிஎச்பியில் ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலைச் சேர்க்கப்போய் "அப்படியொரு ஃபைலே இல்லை" என்று திட்டு வாங்குகிறோமே, அதில் பெரும்பாலானது இந்த டப்பாக் குழப்பம்தான். ஃபைல் இருக்கிறது, பெயரும் சரி. 'எங்கிருந்து பார்த்து' என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் இன்க்ளூட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வீட்டுச் சமையல் நோட்டில் சாம்பார் பக்கத்தில் பொடி வறுக்கும் முறையை மறுபடி எழுதமாட்டோம். 'சாம்பார்ப்பொடி: அந்தத் தாளைப் பார்க்க' என்று ஒரு வரி போட்டுவிடுவோம். இன்க்ளூட் அந்த ஒரு வரி. பிஎச்பி என்ற சமையல்காரர் இண்டெக்ஸ் ஃபைலைப் படித்துக்கொண்டே வருவார். இன்க்ளூட் வந்ததும் குறிப்பிட்ட தாளைத் தேடி எடுத்து, அதில் உள்ளதை அங்கேயே செய்து முடித்து, விட்ட வரிக்குத் திரும்புவார். அவர் அந்தத் தாளைத் தேடும் விதம்தான் விஷயம்.

சமையல்காரர் எப்போதும் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். நிரலாளர்கள் அதை வொர்க்கிங் டைரக்டரி என்பார்கள். '../' என்றோ './' என்றோ தொடங்கும் பாதையைக் கொடுத்தால், அவர் தாம் நிற்கும் இடத்திலிருந்து அளப்பார். அந்த வரி எழுதப்பட்ட தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்க்கவே மாட்டார். புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஃபைலுக்குள் எழுதியது அந்த ஃபைலிலிருந்து கணக்காகும் என்று நினைப்பது இயல்பு. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் பழகியவர்களுக்கு இன்னும் இயல்பு, ஏனென்றால் சிஎஸ்எஸ் ஃபைலில் எழுதும் படத்தின் பாதை அந்த சிஎஸ்எஸ் ஃபைலிலிருந்தே கணக்காகிறது.

ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். அது '/ஹோம்/கடை/தளம்' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. உள்ளே இண்டெக்ஸ்.பிஎச்பி. அதன் பக்கத்தில் 'பகுதி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் தலைப்பு.பிஎச்பி, மெனு.பிஎச்பி. இண்டெக்ஸ், 'பகுதி/தலைப்பு.பிஎச்பி'யை அழைக்கிறது. தலைப்பு, தன் பக்கத்திலேயே இருக்கும் மெனுவை அழைக்க வேண்டும்:

இன்க்ளூட் './மெனு.பிஎச்பி';

பிழை. ஒற்றைப் புள்ளிக்கு 'நான் நிற்கும் இடம்' என்று பொருள். பிரவுசர் கேட்டது இண்டெக்ஸை என்பதால் சமையல்காரர் 'தளம்' ஃபோல்டரில் நிற்கிறார். அங்கே மெனு இல்லை. சரி, அந்தப் புள்ளியையும் கோட்டையும் அழித்துவிட்டு வெறுமனே 'மெனு.பிஎச்பி' என்று போட்டுப் பாருங்கள். வேலை செய்யும்! பலரும் இந்த இடத்தில் "ஏதோ சரியாகிவிட்டது" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஏன் சரியானது என்று தெரியாமல் சரியான பிழை திரும்பி வரும்.

புள்ளியோ கோடோ முன்னால் இல்லாத வெறும் பெயரைக் கொடுத்தால் தேடும் முறையே வேறு. கல்யாண மண்டபத்தில் "ஜாதிக்காய் கொண்டா" என்று எடுபிடியிடம் சொன்னால், இடம் சொல்லாததால் அவன் தனக்குப் பழக்கமான வரிசையில் தேடுவான். முதலில் மேடை, பிறகு உக்கிராணம். பிஎச்பியிடமும் அப்படி ஒரு வரிசை உண்டு. அதற்கு இன்க்ளூட் பாத் என்று பெயர். டெபியன், உபுண்டுவில் அது வழக்கமாக '.:/யூஎஸ்ஆர்/ஷேர்/பிஎச்பி' என்று இருக்கும். புள்ளி என்றால் நிற்கும் இடம், அடுத்தது பொதுச் சரக்கு இருக்கும் உக்கிராணம். நடுவில் இருக்கும் முக்காற்புள்ளி இரண்டையும் பிரிக்கிறது. விண்டோஸில் அதற்குப் பதில் அரைப்புள்ளி. இந்த வரிசையில் எங்கும் கிடைக்காவிட்டால், அழைத்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலும் ஒருமுறை எட்டிப்பார்க்கும். மெனு கிடைத்தது இந்தக் கடைசிக் கருணையால்தான்.

கருணையை நம்பினால் என்ன ஆகும்? ஆறு மாதம் கழித்து யாரோ 'தளம்' ஃபோல்டரிலேயே வேறு ஒரு மெனு.பிஎச்பியை வைப்பார்கள். வரிசையில் நிற்கும் இடம் முதலில் வருவதால் அதுவே எடுக்கப்படும். பிழைச் செய்தி வராது. தப்பான மெனு மட்டும் வரும். ஜாதிக்காய் கேட்ட இடத்துக்கு மாசிக்காய் வந்து, அதுவும் குழம்பில் விழுந்துவிட்டது. என்னைக் கேட்டால், கிடைக்காத ஃபைலைவிடத் தப்பாகக் கிடைத்த ஃபைல்தான் ஆபத்து.

சமையல்காரர் எங்கே நிற்பார் என்பதாவது நிலையானதா? அதுவும் இல்லை. இதை நான் ஒரு பாத்திரக்கடைக்கு எழுதிய நிரலில் கற்றேன். தினமும் காலை 6 மணிக்கு முந்தைய நாள் விற்பனைக் கணக்கு முதலாளிக்கு மெயிலில் போக வேண்டும். 'தளம்' ஃபோல்டருக்குள் 'வேலை' என்று ஒரு ஃபோல்டர், அதில் தினக்கணக்கு.பிஎச்பி. அதன் தலையில் ஒரு வரி:

இன்க்ளூட் '../விகிதம்.பிஎச்பி';

வரி விகிதம் அந்த ஃபைலில் இருந்தது. பிரவுசரில் திறந்து பார்த்தேன், சரி. டெர்மினலில் 'வேலை' ஃபோல்டருக்குள் போய் ஓட்டினேன், அதுவும் சரி. குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் க்ரானில் போட்டுவிட்டுத் தூங்கப்போனேன். மெயிலும் தவறாமல் போனது. ஒன்பதாவது நாள் கடையிலிருந்து போன்: "தம்பி, வரிக் கட்டத்துல எல்லாமே சைபரா இருக்கே, அரசாங்கம் தள்ளுபடி பண்ணிட்டுதா?"

நடந்தது இது. வலை சர்வர் வழியாக ஓடும்போது, அழைக்கப்பட்ட முதல் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கே பிஎச்பி போய் நின்றுகொள்ளும். கட்டளை வரியில் ஓடும்போது அப்படிப் போகாது. நாம் எங்கே நின்று கூப்பிட்டோமோ அங்கேயே நிற்கும். நான் சோதித்தபோது 'வேலை'க்குள் நின்று கூப்பிட்டதால் தப்பித்தேன். க்ரானோ, பயனரின் வீட்டு ஃபோல்டரில், அதாவது '/ஹோம்/கடை'யில் நின்று கூப்பிடும். அங்கிருந்து '../' என்றால் '/ஹோம்'. அங்கே எந்த விகிதமும் கிடையாது.

கிடைக்காவிட்டால் நின்றிருக்க வேண்டாமா? இன்க்ளூட் நிற்காது. "கிடைக்கவில்லை" என்று ஒரு வார்னிங்கை முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். உப்பு டப்பா காணோம் என்றால் உப்பில்லாமலே சாம்பாரை இறக்கிவிடும் ஆள் அது. விகிதம் என்ற மாறிக்கு மதிப்பே இல்லை; மதிப்பில்லாததை விலையோடு பெருக்கினால் பிஎச்பிக்கு சைபர். இதற்கும் ஒரு வார்னிங். இரண்டு முணுமுணுப்பும் யாரும் திறந்து பார்க்காத லாக் ஃபைலில் ஒன்பது நாளாகச் சேர்ந்துகொண்டிருந்தன. ரிக்வயர் என்று எழுதியிருந்தால் முதல் நாளே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். இல்லாமல் சமைக்கவே முடியாத சரக்குக்கெல்லாம் ரிக்வயர் போடுங்கள். இன்க்ளூட், வாழை இலையில் ஊறுகாய் மாதிரி, இருந்தால் நல்லது என்கிற சரக்குக்கு. அப்படிப்பட்ட ஃபைல் நிஜத்தில் மிகக் குறைவு.

பாதைக்கான மருந்து ஒரே வரி:

ரிக்வயர் __டிர்__ . '/../விகிதம்.பிஎச்பி';

முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட அந்த 'டிர்', இந்த வரி எழுதப்பட்டிருக்கும் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதன் முழு முகவரி. யார் கூப்பிட்டாலும், எங்கே நின்று கூப்பிட்டாலும் மாறாது. அம்மா "வலப்பக்கம்" என்று சொல்லாமல், "நான் குடுத்தனுப்பின கூடையிலேயே, குறிப்புத் தாளுக்குக் கீழேயே பொடிப் பொட்டலம் இருக்கு" என்று சொன்ன மாதிரி. 2009இல் வந்த பிஎச்பி 5.3இலிருந்து இது இருக்கிறது. அதற்கு முந்தைய நிரல்களில் 'டிர்நேம்' என்ற செயற்கூறுக்குள் __ஃபைல்__ என்று போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். வேலை அதேதான், கொஞ்சம் சுற்றி வளைத்து.

இதிலும் ஒரு சிறு முள் உண்டு. டிர் தரும் முகவரியின் முடிவில் சாய்கோடு இருக்காது. மேற்கோள் குறிக்குள் முதல் எழுத்தாக அதை நாம்தான் போட வேண்டும். 'தளம்' ஃபோல்டரிலேயே இருக்கும் ஒரு ஃபைலில் மறந்தால் '/ஹோம்/கடை/தளம்' என்பதும் 'விகிதம்.பிஎச்பி' என்பதும் ஒட்டிக்கொண்டு 'தளம்விகிதம்.பிஎச்பி' என்று ஒரு விசித்திரப் பிராணி பிறக்கும். பிழைச் செய்தியில் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு தெரிந்தால் வேறெதையும் தேட வேண்டாம், கோடுதான்.

பிழைச் செய்தியை மக்கள் படிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் குறை. இன்க்ளூட் தோற்றால் இரண்டு வரிகள் வரும். முதல் வரியில் ஃபைலைத் திறக்க முடியாததன் காரணம். இரண்டாம் வரியின் கடைசியில், அடைப்புக்குறிக்குள், அது தேடிப் பார்த்த இன்க்ளூட் பாத் முழுதாக. எந்தெந்த உக்கிராணத்தைத் துழாவினேன் என்று எடுபிடியே வந்து சொல்கிறான். நாம் காதில் போட்டுக்கொள்ளாமல் கூகுளைத் திறக்கிறோம். காரணம் 'நோ சச் ஃபைல்' என்றிருந்தால் பாதையைப் பாருங்கள். 'பர்மிஷன் டினைடு' என்றிருந்தால் பாதையைத் தொடாதீர்கள்: டப்பா அங்கேதான் இருக்கிறது, சர்வர் ஓடும் பயனருக்கு அதைத் திறக்க உரிமை இல்லை. 'ஓப்பன் பேஸ்டிர்' என்ற பெயர் தென்பட்டால், இந்த எல்லைக்கு வெளியே போகாதே என்று சர்வர் அமைப்பிலேயே கோடு கிழித்திருக்கிறார்கள்.

முகவரி எல்லாம் சரி, லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றியதும் ஓடவில்லை என்றால் எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வரிசை. நம் எழுத்தில் அந்தத் தொல்லை இல்லாததால், இந்தப் பிழையை இந்தக் கட்டுரையில் எழுதிக்காட்டக்கூட வழியில்லை! விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, மேக் கணினியும் வழக்கமான அமைப்பில் அப்படித்தான். லினக்ஸுக்கு முதலெழுத்து பெரிதாக இருக்கும் மெனு ஒரு ஃபைல், சிறிதாக இருக்கும் மெனு வேறு ஃபைல். சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். ஃபைல் பெயர் எல்லாமே சின்ன எழுத்தில் என்று முடிவெடுத்துக்கொண்டால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

இன்னொரு கூட்டம் பாதையைச் சாய்கோட்டில் தொடங்கும்: '/பகுதி/தலைப்பு.பிஎச்பி'. எச்டிஎம்எல் இணைப்பில் இது சரிதான், அங்கே முதல் கோடு தளத்தின் வாசல். பிஎச்பிக்கு அது அந்த லினக்ஸ் கணினி முழுவதற்குமான வாசல். பந்திக்கு வந்தவர் "வாசல்ல நிக்கிறேன்" என்றால் மண்டபத்து வாசல். மளிகை லாரிக்காரர் அதையே சொன்னால் ஊர் எல்லையாக இருக்கும். டாக்குமென்ட் ரூட் என்ற சர்வர் மாறியை முன்னால் ஒட்டிச் சிலர் சமாளிப்பார்கள். க்ரானில் ஓடும்போது வலை சர்வரே நடுவில் இல்லை, அந்த மாறியும் காலி. முழு 'எச்டிடிபி' முகவரியைப் போட்டுப் பார்க்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. அந்த வழி இயல்பாகவே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, பிஎச்பி 7.4இலிருந்து கைவிடப்பட்ட வசதியும்கூட. திறந்தாலும் குறிப்பு வராது. அந்த சர்வர் சமைத்து முடித்த குழம்புதான் வரும். அதில் யார் என்ன கலந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

எதுவும் பிடிபடாத நேரத்தில், பிழை வரும் வரிக்கு மேலே இரண்டு விஷயங்களை அச்சிட்டுப் பார்ப்பேன். ஒன்று கெட்-சிடபிள்யூடி, சமையல்காரர் நிற்கும் இடம். மற்றொன்று டிர், தாள் இருக்கும் இடம். பாத்திரக்கடை விவகாரத்தில் முதலாவது '/ஹோம்/கடை' என்றும் இரண்டாவது '/ஹோம்/கடை/தளம்/வேலை' என்றும் லாக்கில் விழுந்தன. பார்த்த ஐந்தாவது நிமிடம் வேலை முடிந்தது. முதலாளிக்கு ஒன்பது நாள் கணக்கைத் திருத்தி அனுப்பத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது.

இப்போது எழுதப்படும் பிஎச்பியில் இவ்வளவு இன்க்ளூட்கள் கிடையாது. கம்போசர் என்ற கருவி, எந்த வகுப்பு எந்த ஃபைலில் என்று தானே அறிந்து தேவைப்படும்போது எடுத்துவரும். கையால் எழுத மிஞ்சியிருப்பது 'வெண்டார்' ஃபோல்டரில் உள்ள ஆட்டோலோட் ஃபைலை ரிக்வயர் செய்யும் ஒரே வரி. போன மாதம் நண்பர் ஒருவர், "பிரவுசர்ல ஓடுது, ராத்திரி மட்டும் ஓடமாட்டேங்குது" என்று ஒரு ஃபைலை அனுப்பினார். திறந்தேன். அந்த ஒரே வரி, '../' என்று தொடங்கியிருந்தது.