‘மா வீழ்ந்தது’: சீட்டாட்டத்திலும் ஓர் இலக்கணம்

‘மா’ என்று ஒருவர் சொல்லி நிறுத்திவிட்டால் நாம் எதை நினைப்பது? மரத்தையா, குதிரையையா? ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே விதி வகுத்தார். இந்த விதி வகுப்பறையோடு முடிந்துபோகும் சங்கதியல்ல. நாலு பேர் கூடியிருந்து ஆடும் சீட்டாட்டத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி.

எங்கள் தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய வயலூர். சூடடித்து நெல் வீடு சேர்ந்தபின் கிடைக்கும் ஓய்வில், மரநிழலில் பாய் விரித்து ‘முந்நூற்றிநாலு’ ஆடுவோரைப் பார்த்தே நான் சீட்டுப் பழகினேன். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலினத்துக்கும் 304. பெயர் வந்த கதை அதுதான். கையில் நாலு சீட்டு வந்ததும் கேள்வி தொடங்கும். ஒருவர் 160 கேட்கிறார். பலத்தில் கேட்டாரா, எதிரியை உசுப்பிவிடக் கேட்டாரா? துரும்பைக் கவிழ்த்து வைப்பதால் எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் அது தெரியாது. அவர் உரைகாரராக வேண்டியதுதான்.

பிரிட்ஜ் ஆட்டத்திலோ உரைகாரருக்கு வேலை இன்னும் அதிகம். ஆளுக்கு 13 சீட்டு. ஏழு படி, படிக்கு ஐந்து கேள்வி, ஆக 35. பாஸ், டபிள், ரீடபிள் மூன்றையும் சேர்த்தால் 38. ஒருவர் தம் கையைக் கூட்டாளிக்கு உணர்த்த இந்த 38 சொற்களே உண்டு. அகராதி இவ்வளவு சிறியதானால் ஒரு சொல் பல பொருளைச் சுமக்காமல் என்ன செய்யும்?

‘டபிள்’ என்பதையே பாருங்கள். எதிரி ‘ஒரு ஆடுத்தன்’ என்று தொடங்கியவுடன் அடுத்தவர் டபிள் சொன்னால், “என் கையில் பலம் உண்டு, மற்ற இனங்களில் ஒன்றை நீ சொல்லு” என்று கூட்டாளியை அழைக்கிறார். அதே எதிரி நாலு ஆடுத்தன்வரை ஏறியபின் டபிள் சொன்னால், பெரும்பாலும் “இவர்கள் தோற்பார்கள், தண்டம் கட்டட்டும்” என்பதே பொருள். சொல் ஒன்று, கருத்து நேர் எதிர். எந்தப் படியில் சொன்னார் என்பது வினை. எந்த இனத்தின்மேல் சொன்னார் என்பது இனம். கூட்டாளி அதற்குமுன் வாய் திறந்தாரா என்பது சார்பு. கூட்டாளி ஏற்கனவே கேட்டிருந்தால் டபிள் தண்டத்தையே குறிக்கும் என்பது பழைய வழக்கு. 1957இல் அமெரிக்கரான அல்வின் றொத் அந்த வழக்கை மாற்றி, அங்கும் அதனை அழைப்பாக்கினார். ரஷ்யா விண்ணில் ஏவிய ஸ்புட்னிக்கின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே பழையவரும் புதியவரும் இணையாக இருந்தால் விபரீதந்தான்.

‘மா வீழ்ந்தது’ என்றால் என்ன செய்வது? மரமும் வீழும், குதிரையும் வீழும். வினை வேறுபடாதபோது வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது தொல்காப்பியரின் அடுத்த விதி. பிரிட்ஜ் சட்டமும் அதையே சொல்கிறது. இணையர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு எதிரிக்கும் தெரிய வேண்டும். எதிரி விளக்கம் கேட்டால் பதில் சொல்பவர், கேள்வி சொன்னவரல்லர், அவருடைய கூட்டாளி. உடன்பாடு இல்லையென்றால் இல்லையென்றே சொல்லவேண்டும். தம் ஊகத்தை உடன்பாடுபோலச் சொல்லலாகாது.

இங்கேதான் ஆட்டம் அறமாகிறது. ஐயத்தைத் தீர்க்கக் குறுக்குவழிகள் உண்டு. தயங்கிச் சொல்லலாம், குரலை உயர்த்தலாம், புருவத்தை நெரிக்கலாம். கூட்டாளியின் தயக்கத்திலிருந்து கிடைத்த சேதியைப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பாராதிருக்க மேசைக்குக் குறுக்கே திரை போட்டார்கள். அப்போதும் மேசைக்கடியில் காலால் சைகை செய்தார்களென்று ஓர் இத்தாலிய இணை கண்டிக்கப்பட்டது. கண்ணை மறைத்தால் கால் பேசுகிறது!

எங்களூர்ப் பாயிலும் கண்சாடை இல்லாமலில்லை. ஆனால் சாடைக்காரன் என்று பெயர் வாங்கியவனோடு எதிரே இருக்கத்தான் ஆள் தயங்கும். அவன் கேட்கும் 160ஐ மற்றவர்கள் நம்பவும் மாட்டார்கள்.

ஆகவே புதிதாக ஆடுவோருக்கு நான் சொல்வது இதுதான். கூட்டாளி இரு பொருளில் எடுக்கக்கூடிய சொல்லை, வேறு சொல் இருக்கையில் சொல்லவேண்டாம். அவர் சொன்னது விளங்கவில்லையா? எப்பொருள் கொண்டால் பிழைத்தாலும் நட்டம் குறைவோ அப்பொருளைக் கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்தபின் சண்டை பிடிக்காமல், அடுத்த முறை அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று பேசித் தீருங்கள். விளங்காமல் தோற்றவனோடு நாளைக்கும் ஆடலாம். களவாக விளங்கிக்கொண்டு வென்றவனோடு எப்படி ஆடுவது?