பட்டாளத்தினின்று திரும்புவோருக்கு ஏற்ற ஜீவனம்

பட்டாளத்தில் சேவை முடித்து ஊர் திரும்புவோர் பெரும்பாலும் நாற்பது வயதிற்குள்ளேயே திரும்புகின்றனர். உடல் வலிமை, காலந் தவறாத பழக்கம், கற்ற கைத்தொழில், கையில் ஒரு தொகை ஆகிய நான்கும் அவர்களிடம் உண்டு. இவற்றுள் முதல் மூன்றும் நிலைத்து நிற்பவை. நான்காவது ஒன்றே விரைவில் கரையக்கூடியது. அத்தொகை கரையுமுன் நிலையான வருமானத்திற்கு வழி தேடுவது எங்ஙனம் என்பது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களின் நிலைமையையொட்டி இங்கு விளக்கப்படுகிறது.

முந்தைய அநுபவம்

இரண்டாவது உலக யுத்தம் 1945-ஆம் ஆண்டில் முடிந்தபொழுது இந்தியப் பட்டாளத்தில் 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறிது காலத்திற்குள் கிராமங்களுக்குத் திரும்ப வேண்டியவராயினர். அக்காலத்தில் வயநாடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அங்கு காட்டு நிலங்களை ஒதுக்கி, முன்னாள் சிப்பாய்களைக் குடியேற்றும் திட்டத்தை மாகாண சர்க்கார் மேற்கொண்டனர். அதையொட்டி அம்பலவயலில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. நிலம் மாத்திரம் கொடுத்தால் போதாது, அதில் எது விளையும் என்ற அறிவும் உடன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இருவகையினர்

திரும்புவோர் இப்பொழுது இருவகையினராவர். பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் சேவை செய்து, மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுபவர் ஒரு வகையினர். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்து நான்காண்டு சேவை செய்பவர் மற்றொரு வகையினர். பின்னவரில் நூற்றுக்கு 25 பேர் வரையிலுமே நிரந்தர சேவைக்கு எடுக்கப்படுவர். ஏனையோர் வட்டியுடன் சுமார் 11.71 இலட்சம் ரூபாயைச் சேவா நிதியாகப் பெற்று வெளியேறுவர். 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இத்திட்டத்தின் முதல் அணியினருக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நான்காண்டு நிறைவுறுகிறது.

இவ்விருவருக்கும் ஒரே தொழில் பொருந்தாது. எத்தொழிலாயினும், அதிலிருந்து முதல் வருமானம் எத்தனை மாதத்தில் வரும் என்பதையே முதலாவதாகக் கணக்கிட வேண்டும். ஒரு குடும்பத்திற்கு மாதம் 15,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், 11.71 இலட்சம் ரூபாய் 78 மாதங்களில் தீர்ந்துவிடும். தென்னங்கன்று நட்டுப் பலன் காண ஐந்து முதல் ஆறு ஆண்டுகள், அதாவது 60 முதல் 72 மாதங்கள் செல்லும். வேறு வருமானமின்றித் தென்னையை நம்புபவர், முதல் காய் இறக்கும் தருணத்தில் முதலின் பெரும்பகுதியை உண்டு தீர்த்தவராவர். நிலத்தின் விலையும் இத்தொகையிலிருந்தே செலுத்தப்பட்டால் கஷ்டம் இன்னும் முன்னதாகவே வந்து சேரும்.

எது யாருக்குப் பொருந்தும்?

1. தோப்பு: இராஜபாளையம் பக்கத்து மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் ஓய்வூதியம் பெறுபவருக்கே ஏற்றவை. உண்ணும் செலவை ஓய்வூதியம் தாங்குமாதலால் மரம் வளரும் வரை அவர் காத்திருக்கலாம். இளந்தோப்பில் உளுந்து, நிலக்கடலை முதலியவற்றை ஊடுபயிராக இடுவது அநுகூலம்.

2. பருத்தி: ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். 2 இரகம் சுமார் 150 நாட்களில் முடிவது. குடும்பத்திற்கு நிலமும் கிணறும் முன்னரே உள்ளவர்கள் இதை மேற்கொள்ளலாம்.

3. கறவை மாடு: பால்கோவாவிற்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்கு என்றும் தேவையுண்டு. அப்பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. மாடு வாங்குமுன் தீவனம் பயிரிட வேண்டும். கம்பு நேப்பியர் புல் நட்ட 75 அல்லது 80 நாட்களில் முதல் அறுப்புக்கு வரும். ஒரு மாட்டிற்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். ஒரே சமயத்தில் பல மாடுகளை வாங்காமல், இரண்டு மாடுகளை ஆறு மாத இடைவெளியில் ஈனும்படி அமைத்துக்கொண்டால் பால் வற்றும் காலத்திலும் வருமானம் நில்லாது.

4. கைத்தொழில்: பட்டாளத்தில் வண்டியோட்டவும், இயந்திரம் பழுதுபார்க்கவும், மின்சார வேலை செய்யவும் கற்றவர் அத்தொழிலை விடலாகாது. மோட்டார் பம்பு, சொட்டுநீர்க் குழாய், டிராக்டர் முதலியவற்றைச் செப்பனிடுவோருக்குக் கிராமங்களில் வேலை உண்டு. இராஜபாளையத்தில் 1936 முதல் வளர்ந்துள்ள நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளிலும் இயந்திரப் பழக்கம் உள்ளவர் வேலை தேடலாம். நான்காண்டு சேவை முடித்து வரும் இளைஞருக்கு இதுவே முதற்படியாகும். ஆனால் கடன் பட்டுச் சொந்த டிராக்டர் வாங்குவதற்கு முன், ஆண்டில் எத்தனை நாள் அதற்கு வாடகை கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தல் அவசியம்.

நிலம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எக்கிணறும் நிறைந்தே தோன்றும். சித்திரை, வைகாசியில் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்வையிட்டு, எல்லையை அளந்து பார்த்தபின் முன்பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் நன்று.

ஊராரின் கடமை

பல ஆண்டுகள் வெளியூரில் இருந்தவருக்கு ஊர் நிலத்தின் குணதோஷம் தெரியாது. அது தெரிந்த மிராசுதார்கள், விற்பவருக்கு வேண்டியவராயிருப்பினும், வாங்குபவர் கேட்கும்பொழுது உண்மையைச் சொல்ல வேண்டும். கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டபின் அவ்வேலை கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தது. திரும்பியவர் எவ்வகையினர் என்பதை அவர் முதலில் கேட்டறிந்து, ஓய்வூதியம் பெறுபவராயின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கும், பயிர்த்தொழிலில் இறங்குவோராயின் வட்டார விவசாய அலுவலகத்திற்கும் வழிகாட்டலாம். இல்லாத சலுகையை உண்டென்று சொல்லி அலைய வைப்பது உதவியாகாது. தேசத்தைக் காத்துத் திரும்பியவரின் பணம் வறண்ட கிணற்றில் விழாமல் காப்பது ஊராரின் பொறுப்பாகும்.