செரெங்கெட்டிக்கு எப்போது போவது? பள்ளி லீவும் ஆப்பிரிக்க மழையும்

மகளுக்கு எப்போது லீவோ அப்போதுதான் எங்கள் வீட்டில் பயணம். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முடிவானதும் நான் முதலில் திறந்தது எக்செல்தான். ஒரு பத்தியில் நம் பள்ளி விடுமுறைகள். பக்கத்துப் பத்தியில், வில்டபீஸ்ட் கூட்டம் எந்த மாதம் எங்கே இருக்கும் என்று சுற்றுலாக் கம்பெனிகள் போடும் பட்டியல். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்த விஷயங்களும், போய்வந்த பிறகு புரிந்தவையும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அளவு

செரெங்கெட்டியின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். நம் முதுமலை 321. அதாவது நாற்பத்தைந்து முதுமலைகளை உள்ளே வைக்கலாம். அதனால் "செரெங்கெட்டி போகிறேன்" என்பது பாதி திட்டம்தான். தெற்குச் சமவெளியா, நடுவில் இருக்கும் செரோனேராவா, மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கமா, வடக்கே மாரா ஆற்றங்கரையா என்று சொன்னால்தான் முழுத் திட்டம். தவறான பக்கத்தில் ரூம் போட்டுவிட்டால் தினமும் வண்டியிலேயே பொழுது போய்விடும்.

இதில் ஒரு கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். சிங்கம் பார்க்கவா, வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்க்கவா? சிங்கக் குடும்பங்கள் தங்கள் எல்லையைப் பிடித்துக்கொண்டு இருப்பவை. கூட்டத்தின் பின்னாலேயே ஊர் ஊராகப் போவதில்லை. இங்கே 1966-இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய சிங்க ஆய்வு பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால் இது நன்றாகத் தெரிந்த சங்கதி. செரோனேரா ஆற்றை ஒட்டிய பகுதியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. சிங்கம், சிறுத்தை, யானை எல்லாம் எந்த மாதமும் அங்கே இருக்கும். ஆக, சிங்கம்தான் நோக்கம் என்றால் தேதியைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால்தான் சிக்கல்.

மழைதான் இன்ஜின்

வில்டபீஸ்ட் என்பது மாட்டுத் தலையும் குதிரை வாலும் ஒட்டவைத்த மாதிரி இருக்கும் ஒரு மான் இனம். இங்கே ஏறத்தாழ 13 லட்சம் உண்டு. கூடவே சில லட்சம் வரிக்குதிரைகளும் தாம்சன் மான்களும். இவை வருஷம் முழுக்க வட்டமடிப்பதற்குக் காரணம் இரண்டு: மண், மழை.

தென்கிழக்குச் சமவெளியின் மண், கோரோங்கோரோ மேட்டுநில எரிமலைகள் கொட்டிய சாம்பல். அடியில் அது கெட்டியாகித் தளம் போட்டமாதிரி ஆகிவிட்டதால் மரத்தின் வேர் இறங்குவது கஷ்டம். எனவே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் குட்டைப் புல். ஆனால் அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் தேவை. பிரச்சினை, அங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் மழை. மழை நின்றதும் புல் காய்ந்துவிடும், குட்டைகள் வற்றிவிடும். வடமேற்கே போகப் போக மழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வடக்கே மாரா வற்றாத ஆறு. ஆனால் அங்கத்துப் புல் உயரமாக வளருமே தவிர, சத்து குறைவு.

ஆக, தெற்கே மழை இருக்கும்வரை சத்தான புல்லுக்காகத் தெற்கு, காய்ந்ததும் உயிர் பிழைக்க வடக்கு. நவம்பர், டிசம்பரில் சின்ன மழை தொடங்கியதும் கூட்டம் தெற்கே இறங்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ந்டூட்டுப் பக்கம் குட்டி போடும். இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கான குட்டிகள்! கழுதைப்புலியும் சிங்கமும் எத்தனை தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே சமயத்தில் ஈனுவதுதான் அவற்றின் பாதுகாப்பு. மார்ச் முதல் மே வரை பெரிய மழை. அது முடியும்போது மேற்கு நோக்கிக் கிளம்பும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே, மாரா ஆற்றின் இரு கரையிலும்.

இப்போது அந்த மாதப் பட்டியலின் ஓட்டை தெரிகிறதா? அது சராசரியை மட்டும் சொல்கிறது, விலகலைச் சொல்வதில்லை. மழை இரண்டு வாரம் தள்ளினால் கூட்டமும் தள்ளும். வடக்கே எங்கோ ஒரு மழை விழுந்தால் ஆற்றைத் தாண்டிய கூட்டம் திரும்பியும் தாண்டும். பட்டியலைப் பார்த்துக்கொண்டு வில்டபீஸ்ட் நடப்பதில்லை.

நம் மூன்று விடுமுறைகள்

*ஏப்ரல், மே.* நமக்குக் கோடை, அங்கே பெரிய மழை. சில முகாம்கள் மூடியே இருக்கும், திறந்திருப்பவற்றில் வாடகை குறைவு. கூட்டம் மேற்கே நகரும் வழியில் பல இடங்களில் கரிசல் மண். மழை பெய்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாடு பச்சைப்பசேல், வண்டி நெரிசல் இல்லை. செரோனேராவில் தங்கி சிங்கம், சிறுத்தை பார்க்க மே கடைசி வாரம் மோசமே இல்லை. பட்ஜெட் இறுக்கம் என்றால் என் சிபாரிசு இதுதான்.

*காலாண்டு லீவு.* செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். கூட்டம் வடக்கே இருக்கும் காலம். ஒன்பது நாள் கிடைத்தால் போதும். நாங்கள் எடுத்தது இது.

*அரையாண்டு லீவு.* டிசம்பர் கடைசி. கூட்டம் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கும், குட்டிகள் இன்னும் இல்லை. கிறிஸ்துமஸ் நேரம் என்பதால் வாடகையும் உச்சத்தில்.

குட்டி போடும் பிப்ரவரிக்கு நம்மிடம் லீவே கிடையாது. பொங்கலுக்குப் போனால் கொஞ்சம் முந்திவிடும்.

காசும் கடிகாரமும்

அருஷா நகரிலிருந்து செரோனேராவுக்குச் சாலையில் ஏறத்தாழ 330 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். வழி கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி வழியாக. அங்கே நிற்காமல் போனாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

செரெங்கெட்டிக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கு. நாங்கள் போனபோது வெளிநாட்டுப் பெரியவருக்கு 70 டாலர், அதற்கு மேல் 18 சதவீத வரி. மதியம் ஒரு மணிக்கு உள்ளே போனால், வெளியே வரும் நாளிலும் ஒரு மணிக்குள் வாசலைத் தாண்ட வேண்டும். அரை மணி தாமதித்தால் இன்னொரு நாள் கட்டணம். எல்லைக்கு அப்பால் கென்யாவின் மாசாய் மாராவில் 2024 முதல் ஜனவரி–ஜூன் நாளுக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். இவை மாறுபவை, கட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு பூங்காவும் பக்கத்துப் பக்கம்தானே, ஒரே பயணத்தில் பார்த்துடலாமே" என்று நானும் நினைத்தேன். வில்டபீஸ்டுக்கு அது சரி. பூங்காவுக்குள்ளேயே இருந்த எல்லை வழி 1977 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியே கிடக்கிறது. மனிதர்கள் மேற்கே சுற்றி இசெபானியா வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாள் காலி. அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

மஞ்சள் அட்டை

இதைத்தான் பலரும் கடைசி வாரத்தில் கண்டுபிடித்து அலறுகிறார்கள். கென்யா போய்விட்டு இந்தியா திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆயுளுக்கும் ஒரு ஊசி போதும். நைரோபி, அடிஸ் அபாபா மாதிரியான ஊரில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து தான்சானியா போனால் அவர்களும் கேட்பார்கள். அதனால் விமானத்தின் இடைநிறுத்தத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அனுமதி பெற்ற மையங்களில்தான் இந்த ஊசி. சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். மலேரியா மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்கள் மூன்று. குட்டி விமானத்தில் பை 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பை. பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தான்சானியாவில் 2019 முதல் தடை. கறுப்பு, அடர்நீல உடை வேண்டாம். அந்த நிறங்களுக்கு செட்ஸி ஈ தேடி வந்து கடிக்கும்.

ஆற்றங்கரையில்

செரோனேராவில் இரண்டு இரவு, வடக்கே கோகடெண்டேயில் இரண்டு இரவு, அங்கிருந்து குட்டி விமானத்தில் அருஷா. இதுதான் எங்கள் திட்டம். செரோனேராவில் முதல் நாளே சிங்கம், சிறுத்தை இரண்டும். மாராவில் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றோம். எதிர்க்கரையில் சில ஆயிரம் வில்டபீஸ்ட். தண்ணீர்வரை வரும், நிற்கும், பின்வாங்கும். இப்படியே நான்கு மணி நேரம்.

அதற்குள் நம் கரையில் முப்பது வண்டிக்கு மேல் சேர்ந்துவிட்டன. முன்னணி விலங்குகள் தண்ணீரில் கால் வைத்த நேரம், பின்னால் இருந்த ஒரு வண்டி நல்ல இடம் பிடிக்க முன்னே வந்தது. அதைப் பார்த்து இன்னும் நாலைந்து. அவை கரையேற வேண்டிய சரிவுக்கு நேர் மேலே போய் நின்றன. மொத்தக் கூட்டமும் திரும்பிவிட்டது. எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஏறும் வழியை அடைத்துவிட்டோம், சார்." 'அடைத்துவிட்டார்கள்' என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தோம், கொஞ்சம் தள்ளி.

மகளுக்கு ஏமாற்றம். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. மாராவில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. செங்குத்தான கரை ஏற முடியாமல் நெரிபடுவது அதற்கு ஒரு காரணம். நல்ல சரிவை நாம் மறித்தால் அவை மோசமான சரிவைத்தானே தேடும்?

மறுபடி திட்டம் போட்டால்

ஒன்று, ஆற்றங்கரைக்குக் குறைந்தது நான்கு இரவு. இரண்டு இரவு என்பது லாட்டரி. அவ்வளவு நாள் இல்லையென்றால் ஆற்றைக் கடப்பதை எதிர்பார்க்காமல் செரோனேராவிலேயே இருந்துவிடலாம். எங்கள் நான்கு நாளில் நிறைவாக இருந்தவை அங்கே கழித்த இரண்டும்தான்.

இரண்டு, கம்பெனியிடம் விலைக்கு முன்னால் இதைக் கேட்பேன்: "கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவீர்கள்? எல்லா வண்டியும் முன்னே போனால் என்ன செய்வீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பார்ப்பேன். டிரைவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன், படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று. பயணியின் நச்சரிப்புக்குப் பயந்துதான் பாதி டிரைவர்கள் முன்னே போகிறார்கள்.

மூன்று, மகள் ப்ளஸ் டூ முடிக்கட்டும். அப்புறம் லீவுக் கணக்கு இல்லாமல் ஒரு பிப்ரவரியில் தெற்கே, ந்டூட்டுக்கு. எக்செல்லில் அந்த வரிசையை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.